வாசகர் கேள்வி – பதில்: பகடை உருளும் ஆட்டம்

கேள்வி: 'பால்டர்ஸ் கேட் 3' என்ற வீடியோ ஆட்டத்தை அண்மையில்தான் தொடங்கினேன். எதிரியை ஒட்டி நின்று வாளை வீசினாலும், வெற்றி வாய்ப்பு 70 சதவீதம் என்று திரையில் தெரிந்தாலும் அடி தவறிப்போகிறது. கடற்கரையில் கால் முளைத்த மூளைகளைப் போன்ற உயிரினங்களிடமே தோற்றுவிட்டேன். இது வெறும் அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டமா? தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடருங்கள். பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட இந்த ஆட்டம், 1974-இல் முதன்முதலாக வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளைத் தழுவியது. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு முறையும் இருபது முகப் பகடை ஒன்று திரைக்குப் பின்னால் உருள்கிறது. அதில் விழும் எண்ணோடு உங்கள் பாத்திரத்தின் திறமைக்குரிய எண்களைக் கூட்டி, அந்தத் தொகை எதிரியின் கவச எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோதான் அடி விழும். எனவே எவ்வளவு நெருங்கி நின்றாலும் வாள்வீச்சின் வாய்ப்பு அதிகரிக்காது. வில்லோ, எதிரி பக்கத்தில் நிற்கும்போது எய்தால் வாய்ப்பு குறையவே செய்யும்.

70 சதவீதம் என்றால் பத்து அடிகளில் ஏறத்தாழ மூன்று தவறும் என்று பொருள். அது ஆட்டத்தின் குறையல்ல. அந்த எண்ணை உங்களுக்குச் சாதகமாக உயர்த்துவதுதான் இங்கே விளையாட்டே. எதிரியின் கண்ணில் படாமல் மறைந்திருந்து தாக்கினால் 'அட்வான்டேஜ்' கிடைக்கும். அப்போது இரண்டு பகடைகள் உருண்டு, பெரிய எண்ணே கணக்கில் கொள்ளப்படுவதால் அதே 70 சதவீதம் 91 ஆகிவிடும். உயரமான இடத்திலிருந்து அம்பெய்தால் கூடுதலாக 2 சேரும், அதாவது 10 சதவீதம். கடற்கரையில் நீங்கள் சந்திக்கும் ஷேடோஹார்ட் என்ற தோழி, குழுவினர் மூவர் மீது 'பிளெஸ்' மந்திரத்தை ஏவினால், அவர்களுடைய ஒவ்வொரு தாக்குதலிலும் நான்கு முகப் பகடை ஒன்றின் எண் கூடுதலாகச் சேரும். இவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான், உங்கள் முறை வரும்போது எங்கே நகர்வது, யாரை முதலில் வீழ்த்துவது என்று நின்று யோசிக்கும் சுகம் பிடிபடும். விரைந்து பொத்தான்களை அழுத்தும் ஆட்டங்களில் பழகியவர்களுக்கு இந்த நிதானம் முதலில் சலிப்பைத் தரலாம். எனக்கு மிகவும் பிடித்ததே அந்த நிதானம்தான்.

தோழர்களைத் திரட்டாமல் பெரிய சண்டைகளில் இறங்காதீர்கள். குழுவில் உங்களையும் சேர்த்து நால்வர் இருக்கலாம். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் உயிர்ப் புள்ளிகள் மிகக் குறைவாக இருப்பதால் தனியாளாகவோ இருவராகவோ நின்று போராடுவது கடினம். அப்படியும் தோல்விகள் அதிகமானால் கடின அளவை எளிதான 'எக்ஸ்ப்ளோரர்' நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மிகக் கடினமான 'ஆனர்' நிலையைத் தவிர மற்றவற்றில் இதை இடையிலேயே மாற்றலாம்.

கேள்வி: உரையாடலின் நடுவே பகடை தோற்றால் உடனே முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்குத் ('சேவ்') திரும்பிவிடுகிறேன். இது சரிதானா?

பதில்: விருப்பம் உங்களுடையது. ஆனாலும் திரும்பாமல் ஆடிப் பாருங்கள் என்றே சொல்வேன். ஒருவரை வார்த்தையால் இணங்கவைக்க முடியாமற்போனால் கதை நின்றுவிடுவதில்லை; சண்டையாகவோ, சுற்றுவழியாகவோ, வேறொருவரின் உதவியாகவோ தொடர்கிறது. அப்படித் தற்செயலாகத் திரும்பும் வழிகளில் கதை உங்களுக்கே உரியதாகிறது.

கேள்வி: கதையில் என் பாத்திரத்தின் தலைக்குள் புகுந்த புழு எந்த நேரமும் என்னை அரக்கனாக்கிவிடும் என்று எல்லோரும் அச்சுறுத்துவதால், முகாமில் தூங்கவே தயங்குகிறேன்.

பதில்: அந்த அவசரம் கதைமாந்தருக்கு உரியது; புழுவுக்கென்று கடிகாரம் எதுவும் ஓடுவதில்லை. நீண்ட ஓய்வு எடுக்காதவர்கள்தான் இழக்கிறார்கள், ஏனெனில் தோழர்களுடைய கதைகளில் பல காட்சிகள் இரவு முகாமில்தான் விரிகின்றன. வழக்கமான நிலையில் முழு ஓய்வுக்கு 40 உணவுப் புள்ளிகள் தேவைப்படும் என்பதால், பெட்டிகளிலும் பீப்பாய்களிலும் காணும் உணவை எல்லாம் முகாமுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரேயொரு எச்சரிக்கை: தீப்பற்றி எரியும் கட்டடம் போன்ற, கண்முன்னே நடந்துகொண்டிருக்கும் ஆபத்தைப் பார்த்த பின் தூங்கச் சென்றால், திரும்பி வரும்போது உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற முடியாது.