ஒரு கிறிஸ்தவர் தம் சொற்களை எப்படித் தேர்ந்து பேச வேண்டும்? உண்மையைச் சொன்னால் போதாதா?

உண்மை கட்டாயம் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது என்பதே என் பதில். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில், கெட்ட வார்த்தை எதுவும் வாயிலிருந்து வரக் கூடாது என்று சொல்லும் பவுல், அதே வசனத்தில் நல்ல வார்த்தைக்கும் ஓர் அளவுகோலை வைக்கிறார்: கேட்பவருக்கு அது பயன்பட வேண்டும். கேட்பவர் யார், அவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று பாராமல் அந்த வசனத்தைக் கைக்கொள்ள முடியாது. நான் வாழும், இலங்கையின் வடக்கே போரால் சிதைந்த வன்னியில் அதன் பாரம் மிகவும் அதிகம் என்று நினைக்கிறேன்.

இங்குள்ள பல சபைகளில் ஆராதனையின்போது சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. 2009இல் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில், பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே எறிகணை விழுந்தும் ஆண்டவர் எங்கள் குடும்பத்தை ஒரு கீறலும் இல்லாமல் காத்தார் என்று ஒருவர் எழுந்து சொல்கிறார். அவர் சொல்வது உண்மை. அவருடைய நன்றியும் உண்மை. ஆனால் இரண்டு வாங்கு தள்ளி இருக்கும் தாய், அதே நாட்களில், ஆண்டவர் தீங்கு அணுகாமல் காப்பார் என்னும் 91ஆம் சங்கீதத்தைச் சொல்லிச் செபித்தும் பிள்ளையைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். "எங்களைக் காத்தார்" என்பது அவருடைய காதில் "உன் பிள்ளையைக் காக்கவில்லை" என்று விழும். இதற்காக நன்றி சொல்வதையே விட்டுவிட வேண்டியதில்லை. "எங்களை ஏன் தப்ப வைத்தார் என்று எனக்குத் தெரியாது; பிள்ளைகளை இழந்தவர்களோடு சேர்ந்து நானும் மன்றாடுகிறேன்" என்று ஒரு வரி கூட்டிச் சொன்னால், அந்தத் தாய்க்கும் அந்தச் சாட்சிக்குள் இடம் கிடைக்கும்.

இழவு வீட்டிலும் இதே சிக்கல்தான். "எல்லாம் கடவுளின் சித்தம்", "அவர் நேசிக்கிறவர்களைத்தான் அதிகம் சோதிப்பார்" என்பவை வாயில் தாமாகவே வந்துவிடுகின்றன. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர்கள் பேசியவற்றில் பெரும்பகுதி கேட்பதற்குப் பக்தியான பேச்சுத்தான். இருந்தும் கடைசி அதிகாரத்தில் கடவுள், என் ஊழியன் யோபுவைப் போல நீங்கள் என்னைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர்கள்மேல் கோபம் கொள்கிறார். முறையிட்டு அழுத யோபு அவருக்கு ஏற்றவராக இருந்தார்; விளக்கம் சொன்னவர்கள் கடிந்துகொள்ளப்பட்டார்கள்.

யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தை இதற்காகவே நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. லாசர் இறந்தபின், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்று மார்த்தாவும் சொல்கிறாள், மரியாளும் சொல்கிறாள். மார்த்தாவோடு இயேசு உயிர்த்தெழுதலைப்பற்றிப் பேசுகிறார். அழுதுகொண்டு காலில் விழுந்த மரியாளுக்கு அந்தப் போதனையைச் சொல்லவில்லை. அவனை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்கிறார், பிறகு தாமும் அழுகிறார். ஒரே வீட்டில், ஒரே சாவுக்கு, ஒரே முறைப்பாட்டுக்கு அவர் இரண்டு விதமாகப் பதில் கொடுத்தது, எதிரில் நின்றவர்கள் வேறு வேறானவர்கள் என்பதனால்தான். எங்களுக்கு மனப்பாடமான ஒரே ஆறுதல் வசனத்தை எல்லா வீடுகளுக்கும் கொண்டு போவது அவர் காட்டிய வழி அல்ல.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களிடம் பிள்ளையைப்பற்றிப் பேசும்போது "நல்ல பிள்ளையாக இருந்தான்" என்று இறந்தகாலத்தில் சொல்வதே, அவன் இறந்துவிட்டான் என்ற தீர்ப்பாகிவிடும். நவம்பர் 2ஆம் திகதி இறந்தோர் பூசைக்குப் பெயர்ப் பட்டியல் எழுதுகிறவர்கள், தாயிடம் கேட்காமல் அந்தப் பெயரை அதில் சேர்க்கவே கூடாது.

அயலவரின் சமயத்தைப்பற்றிய பேச்சையும் சொல்லியாக வேண்டும். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் போகும் அயலவரின் வழிபாட்டைச் சில போதகர்கள் ஒலிபெருக்கியில் பிசாசின் வேலை என்கிறார்கள். அதே அயலவர்களில் பலர் ஆவணியில் மடுத் திருவிழாவுக்கும் வந்து மாதாவை வணங்குகிறவர்கள். சிலைகள் நிறைந்த அத்தேனே நகரைக் கண்டு பவுலின் உள்ளம் கொதித்தது என்று அப்போஸ்தலர் பணிகள் நூலின் 17ஆம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் வாய் திறந்தபோது அவர், நீங்கள் மிகுந்த சமயப்பற்று உள்ளவர்கள் என்றுதான் தொடங்கினார். எபேசு நகரின் அதிகாரி ஒருவரே பவுலின் தோழர்களைப்பற்றி, இவர்கள் நம் தேவியைப் பழித்தவர்கள் அல்லர் என்று கூட்டத்தின் முன் சொல்கிறார். நம்பாதவர் ஒருவர் எங்களைப்பற்றியும் அப்படிச் சொல்லக்கூடிய விதத்தில் நாங்கள் பேசவேண்டும் என்பது என் விருப்பம்.

இதையெல்லாம் சொல்வதால், கிறிஸ்தவர் எப்போதும் மெதுவாகவே பேச வேண்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இயேசு மிகக் கடுமையாகப் பேசியிருக்கிறார். மாற்கு 12ஆம் அதிகாரத்தில், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்கள் என்று மறைநூல் அறிஞர்களைக் கண்டிக்கிறார். வன்னியில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் பலர் நுண்கடன் வாங்கி, வாராவாரம் கட்ட முடியாமல் நெருக்கப்படுகிறார்கள். இவர்களைப்பற்றிய பிரசங்கங்களில், யாருக்கும் கடன்படாதிருங்கள் என்ற ரோமர் 13ஆம் அதிகார வசனம் கடன்பட்ட பெண்ணை நோக்கியே எடுத்து வீசப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். கட்ட முடியாத வட்டிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவமானப்படுத்தி அறவிடுகிறவர்களை நோக்கி மாற்குவின் வசனத்தை வாசிக்கும் போதகர்கள் எங்களுக்கு வேண்டும்.