சம்படத்தில் போட்டு வைக்கலாமா, டாக்ரோலிமஸை?

கேள்வி: என் கணவருக்கு வயது 51. ஏழு மாதத்துக்கு முன் மதுரையில் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தவர் என் மாமியார். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமலிருக்கக் காலை 7, இரவு 7 மணிக்கு டாக்ரோலிமஸ், கூடவே மைக்கோபீனோலேட், பிரெட்னிசலோன். ஞாயிறுதோறும் ஒரு வாரத்து மருந்தையும் அட்டையிலிருந்து பிரித்துச் சம்படத்தில் போட்டு வைத்துவிடுவேன். எப்போதும் 7-ஐ ஒட்டி இருக்கும் டேக்ரோ லெவல் (இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவு) போன வாரம் 14 என்று வந்தது. கை நடுங்கி, காபி டம்ளர் தளும்புகிறது. நடுவில் இருமலுக்கு உள்ளூர் டாக்டரிடம் ஐந்து நாள் மாத்திரை வாங்கினோம். மதுரை டாக்டரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரை ஒரு வேளையைக் குறைத்துக்கொள்ளலாமா?
— பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்: சகோதரி, நீங்களாகக் குறைக்க வேண்டாம். பத்து நாள் காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே மதுரைக்குப் போன் போடுங்கள். போடுவதற்கு முன் இரண்டு விஷயத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இரத்தம் எடுத்த அன்று காலை மருந்தை விழுங்கிவிட்டுப் பஸ் ஏறினாரா? லெவல் என்று நாம் பார்ப்பது, முந்தைய வேளை முடிந்து 12 மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக்குச் சற்று முன்னால், மருந்து இரத்தத்தில் அடிமட்டத்தில் இருக்கும்போது எடுக்கிற அளவு. டாக்ரோலிமஸ் விழுங்கிய ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். 7 மணிக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்கு மதுரையில் கையை நீட்டியிருந்தால் அந்த 14-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதை நம்பி வேளையைக் குறைத்தால் உண்மையான அளவு தேவைக்குக் கீழே போய், உடம்பு மாற்றுச் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கும். அது தொடங்கும்போது பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருக்காது; சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறித்தான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, அந்த இருமல் மாத்திரையின் அட்டையை எடுத்துப் பெயரைப் படியுங்கள். கிளாரித்ரோமைசின் அல்லது எரித்ரோமைசின் என்றிருந்தால் 14 நிஜமாகவே இருக்கலாம். டாக்ரோலிமஸைச் சிதைத்து வெளியே தள்ளுவது குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதி. இந்த இரண்டும் அந்த நொதியை முடக்கிவிடும். அதே அளவு சாப்பிட்டாலும் இரத்தத்தில் மருந்து தேங்கும். கை நடுக்கம், தலைவலி, சர்க்கரை ஏறுவது எல்லாம் அதன் அடையாளம். தேங்கிய மருந்து சிறுநீரகத்தையே கெடுக்கும் என்பதுதான் இதில் கொடுமை. படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், இரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம் ஆகியவையும் இப்படியே ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான பெனிட்டாயின் தலைகீழ். லெவலை மளமளவென்று இறக்கிவிடும். இடுப்பு வலி, மூட்டு வலி என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போடவே கூடாது. உள்ளூரில் எந்த டாக்டரிடம் போனாலும் நோயைச் சொல்வதற்கு முன்பே, “சிறுநீரகம் மாற்றியவர், டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார்” என்று சொல்லிவிடுங்கள். நடுக்கம் சிலருக்கு லெவல் சரியாக இருந்தாலும் வரும். அதனால் நடுக்கத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்காமல், சரியான நேரத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

அந்தச் சரியான நேரம்தான் உங்கள் ஊருக்குச் சிக்கல். காலை 7 மணிக்கு மதுரையில் இரத்தம் கொடுக்க விடிவதற்கு வெகு முன்னே கிளம்ப வேண்டும். மருந்து நேரத்தையே 9-க்கு 9 என்று மாற்றிக்கொள்ளலாமா என்று போனிலேயே கேளுங்கள். எப்படி நகர்த்துவது என்று அவர்களே சொல்வார்கள். மாற்றிய பிறகு, பரிசோதனை நாளில் காலை மருந்தைப் பையில் கொண்டுபோய், இரத்தம் கொடுத்த கையோடு விழுங்க வேண்டும். முந்தின இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், இரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்ற இரண்டையும் ரிப்போர்ட்டின் மூலையில் எழுதி வையுங்கள். காரைக்குடியில் கொடுத்துவிட்டால் அலைச்சல் மிச்சம் என்று தோன்றும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும். டாக்டர் ஒப்புக்கொண்டால் மட்டும் செய்யுங்கள், பிறகு எப்போதும் அதே இடத்தில்.

இனி சம்படம். டாக்ரோலிமஸுக்கு அது ஆகாது. அந்தக் கேப்ஸ்யூலுக்கு ஈரக்காற்று ஆகாது என்பதால்தான் அட்டையை மறுபடி ஓர் அலுமினியப் பைக்குள் போட்டுத் தருகிறார்கள். விழுங்கும்போதுதான் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். வாரக்கணக்கு வசதிதான் வேண்டுமென்றால், அட்டையைக் கத்தரியால் ஒவ்வொரு கேப்ஸ்யூலாக, மூடி பிரியாமல் வெட்டிச் சம்படத்தில் போடுங்கள். அடுப்பங்கரை மாடமும் வெயில் விழும் முற்றத்து ஓரமும் வேண்டாம். உள்ளறை அலமாரி போதும். பைக்குள் கிடக்கும் சிறு பொட்டலம் ஈரம் உறிஞ்சுவதற்கு, மருந்தல்ல.

வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். 0.5 மில்லிகிராமும் உண்டு, 5 மில்லிகிராமும் உண்டு. புள்ளியைக் கவனிக்காவிட்டால் பத்து மடங்கு. ஒரு நாளைக்கு இரு முறை சாப்பிடும் வகைக்குப் பதில் ஒரே வேளை வகையைக் கொடுத்துவிடுவதும் நடக்கும். கம்பெனி மாறினால் வாங்கிக்கொள்ளும் முன் மருத்துவமனையில் சொல்லுங்கள். மாற்றியபின் லெவல் பார்க்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. எண்ணெயும் நெய்யுமாக விருந்து சாப்பிட்ட கையோடு விழுங்கினால் மருந்து சரியாக ஏறாது. கல்யாண வீட்டில் வேளை தவறிப்போனால்? இரவு மருந்து இரண்டு மணி நேரம் கழித்து நினைவு வந்தால் உடனே சாப்பிடலாம். மறுநாள் காலை வேளை நெருங்கும்போது நினைவு வந்தால் போனதை விட்டுவிட்டு, காலை வேளையை மட்டும் சாப்பிட வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டுங்கெட்டான் நேரமென்றால் போன்.

வயிற்றுப்போக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘மருந்தெல்லாம் வெளியே போயிருக்கும், ஒன்று கூடப் போடலாம்’ என்று நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. மருந்தைச் சிதைக்கும் குடல் சுவர் புண்பட்டுப்போவதால் லெவல் ஏறும். உடம்பில் நீர் வற்றுவதால் சிறுநீரகம் இரண்டாம் அடியும் வாங்கும். ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் இரத்தம் பார்த்தே ஆக வேண்டும். ஊருணித் தண்ணீரோ, மழைநீர்த் தொட்டித் தண்ணீரோ, கொதிக்க வைத்து ஆற்றியே கொடுங்கள்.

பம்பளிமாஸ் பழத்தை அடியோடு விடச் சொல்லுங்கள்; கிளாரித்ரோமைசின் செய்யும் அதே வேலையை அது செய்யும். குழம்பில் போடும் மஞ்சள் தடையில்லை, மஞ்சள் கேப்ஸ்யூல் வேண்டாம். இந்த மருந்து பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் இளநீர் கொடுக்குமுன் டாக்டரைக் கேளுங்கள். சொந்தக்காரர்கள் அன்போடு கொண்டுவரும் சீந்தில் சூரணம், ‘எதிர்ப்பு சக்தி’ லேகியம் எதுவும் வேண்டாம். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கத்தானே இத்தனை மருந்தும்!

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, ஓரிரு நாளில் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடினாலோ அன்றைக்கே போன் செய்ய வேண்டும், இரவானாலும் சரி.

உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவர் வருடம் ஒரு முறை இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த மதுரைப் பயணத்தில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.