பெரியம்மைக்கு முந்தைய ஆண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரீபியன் தீவுகளின் பழங்குடிகளான தைனோ மக்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கப் பழங்குடிகளின் அழிவுக்குப் பெரியம்மையே முதற்காரணம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நோய்க்கிருமியைப் பற்றி அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. அப்படியிருக்க, ஸ்பெயின்மீது பழி சுமத்துவது முறையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மெக்சிகோவிலும் பெருவிலும் பெரியம்மை விளைவித்த பேரழிவை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பானியர் முதலில் குடியேறிய இஸ்பானியோலாத் தீவின் (இன்றைய ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் அமைந்த தீவு) நிகழ்வுகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், உங்கள் விளக்கம் அங்கே பொருந்தவில்லை. பெரியம்மை அத்தீவில் பரவியது 1518 இறுதியில்தான். தைனோக்களைக் குடியேறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக 1514இல் எடுத்த கணக்கிலேயே ஏறத்தாழ 26,000 பேர்தான் எஞ்சியிருந்தனர். 1492இல் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. வேறு காய்ச்சல்கள் முன்னரே வந்திருக்கவும் கூடும். ஆயினும் பெரியம்மைக்கு முன்பே மக்கள்தொகை வெகுவாகச் சரிந்துவிட்டது என்பதை ஆய்வாளர் பலரும் ஏற்கின்றனர்.

அந்த இடைக்காலத்தில் நடந்தது என்ன? பொன் கிடைக்கும் பகுதிகளில் பதினான்கு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சிறுமணி நிறையப் பொன்தூள் செலுத்த வேண்டும் என்று 1495 வாக்கில் கொலம்பஸ் கப்பம் விதித்தார். அது வசூலாகாமல் போகவே, ஆட்களையே உழைப்புக்குப் பங்கிடும் என்கோமியெண்டா முறை வேரூன்றியது. தைனோக்களின் உணவு மரவள்ளி. (நாம் உண்ணும் குச்சிக்கிழங்கேதான், அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா.) மண்ணை மேடாகக் குவித்து நட்டு, கிழங்கு முற்றுவதற்கு ஓராண்டு வரை காத்திருக்க வேண்டிய பயிர் அது, நட வேண்டியவர்களை மாதக்கணக்கில் பொன் அரிக்கக் கொண்டுபோய்விட்டால், அடுத்த ஆண்டு ஊரில் அடுப்பு எரியாது. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்று பிரிக்கப்பட்ட மக்களிடையே பிறப்பும் குறைந்தது.

1511 டிசம்பரில் அந்தோனியோ தே மொந்தேசினோஸ் என்ற துறவி, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று தீவின் தலைநகரான சாந்தோ தொமிங்கோவின் பிரசங்க மேடையிலிருந்தே கேட்டார். மறுஆண்டு, பழங்குடிகளை நடத்தும் முறையை வரையறுக்க ஸ்பானிய அரசு இயற்றிய புர்கோஸ் சட்டங்கள் வந்தன. கருவுற்று நான்கு மாதம் கடந்த பெண்களைச் சுரங்கத்துக்கு அனுப்பக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அப்படியொரு விதியை எழுத நேர்ந்தது எதனால் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாம் மாதத்தில் அனுப்புவதற்கு அதில் தடையில்லை என்பதையும் கவனியுங்கள்.

தீவை நிர்வகித்த துறவியர் 1519 ஜனவரியில் அரசருக்கு எழுதிய கடிதத்தில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெரியம்மையால் மாண்டனர் என்று தெரிவித்தனர். அந்த நோய் வந்து விழுந்தது, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டினியிலும் சுரங்க வேலையிலும் தேய்ந்திருந்த உடல்களின்மீது.