இவ்வளவு பெரிய வானத்தில் இடித்துக்கொள்வார்களா?

போன இதழில் வந்த என் பேட்டியைப் படித்துவிட்டு நீங்கள் எழுதிய கேள்விகளை ஆசிரியர் மொத்தமாக அனுப்பி வைத்தார். பாதிப் பேர் “உமக்கென்ன கிறுக்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என் மனைவிதான் பதில் சொல்ல வேண்டும். மீதியில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். பேட்டியைப் படிக்காதவர்களுக்கு: நான் விருதுநகர்க்காரன். அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில் கணினி வேலை. சனி, ஞாயிறானால் விமானத்திலிருந்து குதிக்கப் போய்விடுவேன். இதுவரை 611 தடவை. அதில் 388-வது தடவை நடுவானில் இன்னொருவரோடு மோதித் தொடை எலும்பை முறித்துக்கொண்டேன்.

பாராசூட் விரியாமல் போனால் என்ன செய்வீர்கள்? (ஆர்.கே., சிவகாசி)

முதுகில் இரண்டு இருக்கின்றன. மெயின் என்கிற முதலாவதை நாமே மடித்து வைத்துக்கொள்வோம். வழுக்குகிற நைலான் துணி. உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்ற அதன் மேல் குப்புறப் படுத்துக் கட்டிப் புரள வேண்டும். ரிசர்வ் என்கிற இரண்டாவதில் நாம் கை வைக்கக் கூடாது. உரிமம் வாங்கிய ரிக்கர், அதாவது பாராசூட் மடித்துப் பராமரிப்பவர், மடித்து, முத்திரை வைத்து, தேதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார். குதித்தாலும் குதிக்காவிட்டாலும் 180 நாளுக்கு ஒரு தடவை அதைப் பிரித்து மடிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மெயின் சரியாக விரியவில்லையென்றால் வலது மார்புப் பக்கம் இருக்கிற பிடியை இழுத்தால் அது கழன்று போய்விடும். இடது பக்கத்துப் பிடியை இழுத்தால் ரிசர்வ் வரும். எனக்கு ஒரே ஒரு தடவை அப்படி நேர்ந்தது. இறங்கியதும் ரிக்கருக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், அது அங்கே சம்பிரதாயம்.

ஆனால் ஆர்.கே., எல்லோரும் விரியாத பாராசூட்டையே நினைத்துப் பயப்படுகிறீர்கள். எங்கள் ஆட்களில் பலர் செத்தது தலைக்கு மேல் அழகாக விரிந்திருந்த பாராசூட்டோடு. தரைக்குப் பக்கத்தில் வந்து வேகமாகத் திருப்புவார்கள், இல்லாவிட்டால் இன்னொருவர் மேல் போய் மோதுவார்கள். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் அங்கே சுமார் 36 லட்சம் தடவை குதித்ததில் இறந்தவர்கள் 10 பேர். 1970-களில் வருடத்துக்கு 40 பேருக்கு மேல் போய்க்கொண்டிருந்தார்கள். கருவிகள் நன்றாக மாறிவிட்டன. மனுஷன் பெரிதாக மாறவில்லை.

அவ்வளவு பெரிய வானத்தில் எப்படி ஐயா மோதிக்கொள்கிறீர்கள்? (ஒரு பஸ் டிரைவர், கும்பகோணம்)

மதுரையும் பெரிய ஊர்தான். அழகர் இறங்குகிற அன்றைக்கு எல்லோரும் ஆற்றுக்குத்தானே போகிறோம்? அதே கதைதான். ஒரே விமானத்திலிருந்து இருபது பேர் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் குதித்து, ஒரே மைதானத்தில் இறங்கப் பார்க்கிறோம்.

பாராசூட் விரிவதற்கு முன்னால், வயிறு தரையைப் பார்த்தபடி விழும்போது வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் போல இருக்கும். எல்லோரும் ஒரே வேகத்தில் விழுவதால் பக்கத்தில் இருப்பவர் சும்மா மிதப்பது போலத்தான் தெரியும், கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளலாம். கடைசியில் குதித்த ஒருவர் எட்டிப் பிடிக்கிறேன் என்று தலைகீழாகப் பாய்ந்து வந்து, நேரத்துக்கு வேகத்தைக் குறைக்காமல் விட்டால்தான் ஆபத்து. நிற்கிற ஆள் மேல் பைக் ஏறுவது போல. அதனால்தான் குறித்த உயரம் வந்ததும் கூட்டத்தின் நடுவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஆளுக்கொரு திசையில் அம்பு மாதிரி விலகிப் போகிறோம். விரிப்பதற்கு முன் இரண்டு கைகளையும் ஆட்டி மேலே இருப்பவருக்குச் சொல்ல வேண்டும்.

விரிந்த பிறகு ஒரு விதி உண்டு, டிரைவரான உங்களுக்குப் பிடிக்கும்: கீழே இருப்பவருக்குத்தான் வழி. அவர் தலைக்கு மேலே அவருடைய பாராசூட்டே மறைத்துக்கொண்டிருக்கிறது, மேலே இருப்பவரை அவரால் பார்க்க முடியாது. பார்க்கக்கூடியவர் ஒதுங்க வேண்டும். நேருக்கு நேர் வந்துவிட்டால் இரண்டு பேருமே வலது பக்கம் ஒடிக்க வேண்டும். நம் ஊரில் பெரிய வண்டிக்கு வழி, ஹாரன் சத்தத்துக்கு வழி. அங்கே ஹாரனும் இல்லை.

இரண்டு விமானங்கள் மோதி, குதிக்க இருந்தவர்கள் எல்லோரும் தப்பித்த வீடியோ ஒன்று வந்தது. அது உண்மையா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

உண்மைதான். 2013 நவம்பர் 2, விஸ்கான்சின் மாநிலத்தில் சுப்பீரியர் என்ற ஊர். இரண்டு செஸ்னா விமானங்கள், சுமார் 12,000 அடி உயரம். ஒன்பது பேர் குதிக்க இருந்தார்கள், விமானிகள் இரண்டு பேர். முன்னால் போன விமானத்தில் சிலர் வெளியே படியிலேயே தொற்றிக்கொண்டு நிற்கிறார்கள், பின்னால் வந்தது மேலே ஏறிவிட்டது. முன்விமானத்தின் இறக்கை பிய்ந்து தீப்பிடித்தது. குதிக்க வந்தவர்கள் குதித்தார்கள். அந்த விமானியும் தான் மாட்டியிருந்த அவசரப் பாராசூட்டோடு வெளியே பாய்ந்து தப்பினார். அடிபட்ட இன்னொரு விமானத்தை அதன் விமானி ஓடுதளத்தில் கொண்டுவந்து இறக்கினார். 11 பேரும் பிழைத்தார்கள்.

எல்லோரும் அதிசயம் என்றார்கள். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது சாதாரண விஷயம்: பின்னால் வந்தவர் முன்னால் போன விமானத்தோடு போதுமான இடைவெளி விடவில்லை. நான் அந்த வீடியோவைப் பார்க்கும்போது தீயைப் பார்ப்பதில்லை, மோதுவதற்கு முந்தின நொடிகளைத்தான் பார்ப்பேன். ஏன் என்று அடுத்த பதிலில் புரியும்.

உங்கள் மோதலைப் பேட்டியில் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். முழுதாகச் சொல்லக் கூடாதா? (கே.எஸ்., பாளையங்கோட்டை)

சொல்ல வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம். தவறு என்னுடையது.

ஆகஸ்ட் மாதம், சாயங்காலம். ஆறு பேர் வானத்தில் வட்டம் பிடித்துவிட்டு விலகினோம். 3,500 அடியில் என் மெயின் விரிந்தது. விரிந்ததும் தலையைச் சுற்றித் திருப்பிப் பார்க்க வேண்டும், முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம். எனக்கு இடது தொடைப் பட்டை முறுக்கிக்கொண்டு வலித்தது. குனிந்து அதைச் சரி செய்தேன். நிமிர்ந்தால் என் முழங்காலுக்கு நேராக நீலமாக ஒரு பாராசூட்டின் மேல்பக்கம். வலது பக்கம் இழுத்தேன், நேரம் போதவில்லை. அவருடைய துணிக்குள்ளேயே போய் நுழைந்தேன்.

போர்வைக்குள் மாட்டிக்கொண்ட பூனை மாதிரி. நீல வெளிச்சம், புது நைலான் வாசனை, துணி படபடவென்று அடிக்கிற சத்தம். உயரமானி இடது மணிக்கட்டில் இருக்கிறது, மணிக்கட்டு துணிக்குள் இருக்கிறது. கீழேயிருந்து அவர் குரல். ஆங்கிலத்தில் கத்தியதைத் தமிழில் எழுதுகிறேன்.

“உயரம் 2,600! உன் மெயின் பறக்குது!”

“எனக்கு எதுவும் தெரியலை!”

“நான் கழற்றிக்கிட்டுப் போறேன். தயாரா?”

அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். தன் பாராசூட் இன்னொருவன் மேல் சுற்றிக்கொண்டு, தான் அதன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சொல்லாமல் கழற்றியிருந்தால், இறுகியிருந்த கயிறுகள் என் கழுத்தில் எப்படி ஓடியிருக்கும் என்று தெரியாது. “போ!” என்றேன். கிணற்றில் வாளி அறுந்தால் கயிறு சட்டென்று லேசாகுமே, அப்படி ஆனது. அவர் விழுந்து, ரிசர்வை விரித்து, ஒரு கீறல் இல்லாமல் இறங்கினார்.

எனக்கு மிச்சம் இருந்தது அவருடைய நீலத் துணி. முகத்திலிருந்து அதை விலக்கிப் பார்த்தால் அவர் பாராசூட்டின் கயிறுகள் என் இடது காலிலும் மார்பிலும் சுற்றிக் கிடந்தன. நானும் கழற்றிவிட்டு ரிசர்வுக்குப் போகலாம்தான். ஆனால் ரிசர்வ் விரிகிறபோது இந்தக் கந்தலில் சிக்கினால்? என் மெயின் இன்னும் பறந்துகொண்டிருந்தது, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கிய வண்டி போல இடது பக்கமாகச் சாய்ந்து. கொக்கிக் கத்தியை எடுத்து இரண்டு கயிறுகளை அறுத்தேன். அதற்குள் 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டேன். அதற்குக் கீழே மெயினைக் கழற்றுகிற பேச்சே கிடையாது. வலது கயிற்றைப் பாதி இழுத்துப் பிடித்து நேராக்கிக்கொண்டே வந்து, ஒரு சோயாபீன்ஸ் வயலில், காற்று போகிற திசையிலேயே, முழு வேகத்தில் இறங்கினேன். புரண்டு நிமிர்ந்து பார்த்தபோது என் வலது பாதம் பார்க்கக் கூடாத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மோதியதில் மயக்கமாகிவிட்டால் அவ்வளவுதானா? (ஒரு நர்ஸ், வேலூர்)

முன்பெல்லாம் பெரும்பாலும் அவ்வளவுதான். 1987 ஏப்ரலில் அரிசோனாவில் கூலிட்ஜ் என்ற இடத்தில் ஒரு பெண் இன்னொருவரோடு மோதி நினைவிழந்து விழ ஆரம்பித்தார். கிரெகரி ராபர்ட்சன் என்ற பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, உடம்பைக் குறுக்கித் தலைகீழாகப் பாய்ந்து, சுமார் 3,500 அடியில் அவரைப் பிடித்து அவருடைய பாராசூட்டை இழுத்துவிட்டார். மண்டையோட்டிலும் விலாவிலும் முறிவு, ஆனால் அந்தப் பெண் பிழைத்தார்.

ராபர்ட்சன் எல்லா நாளும் கூட வருவாரா? 1991-ல் ஜெர்மனியிலிருந்து சைப்ரஸ் என்ற கருவி வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டி, ரிசர்வ் பைக்குள் இருக்கும். காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்குப் போட்டுக்கொண்டே வரும். சுமார் 750 அடியிலும் ஆள் நொடிக்கு 35 மீட்டர் வேகத்துக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடி வைத்திருக்கும் கயிற்றை அதுவே வெட்டிவிடும். என் கதையில் அது வாய் திறக்கவில்லை, ஏனென்றால் நான் அவ்வளவு வேகமாக விழவே இல்லை. பாதி பறக்கிற பாராசூட்டோடு வருகிறவனுக்கு அதனால் உபயோகம் இல்லை.

எப்படித் தேறினீர்கள்? திரும்பவும் குதிக்கப் பயமாக இல்லையா? (எம்.வி., சேலம்)

தொடை எலும்புக்குள் டைட்டானியம் கம்பி வைத்தார்கள். மறுநாளே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள், அந்த வலியை எழுத எனக்கு வராது. பதினோரு வாரம் ஊன்றுகோல். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இன்றைக்கும் படியைப் பார்த்தால் அதுதான் நினைவுக்கு வருகிறது.

பயம் விமானத்தில் வரவில்லை, வீட்டில் வந்தது. ஒரு நாள் என் மனைவி துவைத்த படுக்கை விரிப்பைக் கட்டிலில் உதறிப் போட்டாள், அது என் முகத்தில் விழுந்தது. ஊன்றுகோலை வீசிவிட்டேன், மூச்சு வரவில்லை. அதற்கப்புறம்தான் மனநல ஆலோசகரைப் பார்த்தேன். கால் வைத்தியத்தை விட அது நாளானது. கூச்சப்படாமல் போங்கள், விபத்து எதுவாக இருந்தாலும்.

அம்மாவிடம் போனில் “வழுக்கி விழுந்துட்டேம்மா” என்றேன். “எதுல இருந்து?” என்று கேட்டாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

நீலப் பாராசூட்காரர் நாலாவது வாரம் வீட்டுக்கு வந்தார். “தப்பு உன்னோடதுதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து காபி குடித்தார். என் தலைக்கவசக் கேமரா எடுத்திருந்த படத்தை இரண்டு பேருமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். தொடைப் பட்டையைச் சரி செய்ய மூன்று நொடி குனிந்திருப்பேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். படத்தில் ஏழு நொடி.

பதின்மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போனேன். புதுப் பையன் மாதிரி கொக்கியில் தொங்கவிட்டு, இரண்டு பிடிகளையும் கண்ணை மூடி இழுக்க வைத்து, பயிற்சியாளர் கூட வந்துதான் குதிக்கவிட்டார்கள். இப்போது விரிந்ததும் பட்டை தொடையை அறுத்தாலும் முதலில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கையை இறக்குகிறேன்.

டெக்சாசில் படிக்கும் என் மகன் ‘டாண்டம்’ குதிக்கப் போகிறானாம். விடலாமா? என்ன கேட்டுக்கொள்ளச் சொல்லட்டும்? (ஒரு தாய், திண்டுக்கல்)

டாண்டம் என்றால் பயிற்சியாளரின் மார்போடு சேர்த்துக் கட்டிக் குதிப்பது. உங்களிடம் அனுமதி கேட்டானா, தகவல் சொன்னானா? தகவல் சொல்லியிருந்தால் விடுவதா வேண்டாமா என்பது முடிந்த விஷயம் அம்மா.

கேட்க வேண்டியது இதுதான்: கூடக் கட்டிக்கொண்டு வருபவருக்கு டாண்டம் தகுதிச் சான்று இருக்கிறதா? அமெரிக்க பாராசூட் சங்கத்தின் தகுதி என்றால் குறைந்தது 3 வருட அனுபவமும் 500 தடவை குதித்த கணக்கும் வேண்டும். ரிசர்வைக் கடைசியாக மடித்ததாகச் சீட்டில் இருக்கிற தேதி என்ன? இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம். காற்று பலமாக இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் கெஞ்சக் கூடாது. உடல் எடையை உள்ளபடி சொல்ல வேண்டும். கையில் கேமரா கூடாது. தனியாகக் குதிப்பவர்களுக்கே 200 தடவை ஆன பிறகுதான் கேமரா மாட்டச் சொல்கிறார்கள்.

அப்புறம், வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. இரண்டு இட்லி போதும். மூன்றாவதை இறங்கின பிறகு சாப்பிடட்டும்.