'எமிலி, 1986' என்று எழுதிய கான்வாஸ்: வாங்கலாமா?

கேள்வி: மெல்பர்னில் ஒரு கடைக்காரர் சுருட்டி வைத்திருந்த புள்ளி ஓவியம் ஒன்றை 3,000 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். அக்ரிலிக், 90க்கு 120 செ.மீ. பின்புறம் 'எமிலி, 1986' என்று இருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே உங்வாரே வரைந்ததுதான் என்று, அவர் ஓவியத்தோடு இருக்கும் போட்டோவையும் காட்டுகிறார். நம்பலாமா?

பதில்: வாங்காதீர்கள். போட்டோவுக்குப் போகுமுன்பே அந்த ஆண்டு இடிக்கிறது.

எமிலி 1910 வாக்கில் பிறந்தவர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே, பாலைவனத்தில் உள்ள யுட்டோப்பியாக்காரர். 1977இல் அங்கே பெண்களுக்குப் பாட்டிக் வகுப்பு தொடங்கியது. அதற்குப் பின் பத்தாண்டுக்கும் மேல் மெழுகும் சாயமுமாகத் துணியில்தான் வேலை செய்தார். அக்ரிலிக்கும் கான்வாஸும் அந்தப் பெண்களின் கைக்கு வந்தது 1988–89 கோடையில். அப்போது எமிலிக்கு எழுபத்தைந்து தாண்டியிருந்தது. 1996 செப்டம்பரில் காலமானார். அவருடைய அக்ரிலிக் கான்வாஸ் எதுவானாலும் இந்த எட்டு ஆண்டுக்குள் வந்தாக வேண்டும்.

அந்தக் குறுகிய காலத்திலும் அவர் வரைந்த விதம் மாறிக்கொண்டே போனது. தொடக்கத்தில் கிழங்குக் கொடி மண்ணுக்கடியில் ஓடும் தடத்தைக் கோடாகப் போட்டு, அதன்மேல் சிறு புள்ளிகளை நெருக்கமாக வைத்து மூடுவார். கான்வாஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அடிக்கோடு புலப்படும். பிறகு புள்ளிகள் பெருத்தன; தூரிகையை இடித்து இடித்து வைத்ததால் ஓரங்களில் ஈர நிறங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். 1994 வாக்கில் சடங்கின்போது பெண்கள் மார்பிலும் தோளிலும் பூசும் வரிகள் வந்தன. 1995இல் கருப்புத் தளத்தில் பின்னிப் பிணைந்த வெள்ளைக் கோடுகளால் கிழங்குக் கொடியை வரைந்தார். விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் அந்த ஓவியம் 8 மீட்டர் நீளம். 'காமே' என்பதே அந்தக் கொடியின் விதையைக் குறிக்கும் சொல். அவர் வரைந்தது தன் மண்ணான அல்ஹல்கெரின் கதையைத்தான். வேறொருவர் மண்ணின் கதையை வரைய அங்கே உரிமை கிடையாது. ஆகவே ஓவியத்தோடு தரும் சான்றிதழில் வேறு பகுதிக் கதை இருந்தால் அதுவும் சந்தேகத்துக்கு இடம்தான்.

பாணி பொருந்தினாலும் அதைச் சான்றாக எடுக்க முடியாது. போலி வரைபவரும் இதே ஓவியங்களைப் பார்த்துத்தான் வரைகிறார். எமிலி சுமார் 3,000 ஓவியங்கள் வரைந்ததாகச் சொல்வார்கள். பல வணிகர்கள் அவரிடம் வாங்கியதால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பதிவேடு இல்லை. யார் கேட்டு வரைந்தது, எந்த ஆண்டு எந்த மாதம், முதலில் விற்ற கேலரி கொடுத்த எண் என்ன, பிறகு யார் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். கான்வாஸின் பின்புறமுள்ள எண் சான்றிதழோடு பொருந்த வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியிருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். உண்மையான ஆவணங்களிலேயே அது பல விதமாக இருக்கிறது. போட்டோவில் முடிந்த ஓவியத்தை மடியில் வைத்திருப்பது எதையும் நிரூபிக்காது. பாதி வரைந்த நிலையில் எடுத்த படமாக இருந்தால், ஒரு மூலையின் புள்ளிகளைக் கான்வாஸோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

விலையும் உதைக்கிறது. எமிலியின் பெரிய ஓவியம் ஒன்று 2017இல் 21 லட்சம் டாலருக்குப் போனது. இன்னொன்றும் கேளுங்கள்: 2010 ஜூன் முதல், வணிகர் வழியாக 1,000 டாலருக்கோ அதற்கு மேலோ நடக்கும் மறுவிற்பனையை அறிவிக்க வேண்டும், தகுதியுள்ள விற்பனைக்கு 5% ராயல்டி ஓவியருக்கோ வாரிசுக்கோ போகும். "அறிவித்துவிடுவீர்களா?" என்றதும் கடைக்காரர் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதே 3,000 டாலருக்கு இன்று வரைந்துகொண்டிருக்கும் ஒருவரின் நல்ல ஓவியமே கிடைக்கும். 1972இல் தொடங்கி, இப்போது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கேலரி நடத்தும் பாப்புன்யா டூலா, யுவெண்டுமு என்ற ஊரில் உள்ள வார்லுகுர்லாங்கு இரண்டும் ஓவியர்களுக்கே சொந்தமான கலை அமைப்புகள். சுருட்டி எடுத்து வரும்போது வரைந்த பக்கம் வெளியே இருக்கட்டும்; உள்ளே சுருட்டினால் வண்ணப்படலம் நசுங்கி மடிப்பு விழும். அமிலமில்லாத காகிதம் வைத்து, அகலமான குழாயில் போடுங்கள். அக்ரிலிக் சூட்டில் இளகும் என்பதால் காரில் விட்டுவிட வேண்டாம். பபிள் ராப் நேராகப் பட்டால் அதன் குமிழ்த் தடம் பதிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பிரித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். தூசியை உலர்ந்த மென்தூரிகையால் தட்டினால் போதும், ஈரத்துணி கூடாது. இப்படிப்பட்ட ஓவியங்களைக் கான்வாஸைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி உட்கார்ந்து வரைகிறார்கள். பலவற்றுக்கு மேல், கீழ் கிடையாது. எந்தப் பக்கமாகவும் மாட்டலாம்.