அச்சில் வருவது தாடை அல்ல

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. வெற்றிலையோடு புகையிலை போடுவார். கீழ்த்தாடையில் புற்றுநோய் என்பதால் எலும்பின் ஒரு பகுதியை எடுக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரில் வடிவமைத்து, 3டி பிரிண்டரில் அச்சிட்டு, கால் எலும்பைக் கொண்டு சரிசெய்வார்களாம். பிளாஸ்டிக் தாடையா வைப்பார்கள்? அப்பாவால் நடக்க முடியுமா? செலவையும் நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. வைக்கப்போவது அவருடைய சொந்த எலும்பைத்தான். முழங்காலுக்குக் கீழே உடல் எடையைத் தாங்குவது பெரிய எலும்பு. அதன் வெளிப்பக்கத்தில் மெலிதாக இருக்கும் ஃபிபுலாவின் நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். மேலும் கீழும் ஆறேழு சென்டிமீட்டர் விட்டுவைப்பதால் மூட்டுகள் உறுதியாக இருக்கும். சில வாரங்கள் நடை தடுமாறும். சிலருக்குக் கால் பெருவிரலில் பலவீனம் தங்கிவிடும். பெரும்பாலானவர்கள் நன்றாகவே நடக்கிறார்கள்.

ஃபிபுலா நேரானது, தாடையோ வளைந்தது. இரண்டு மூன்று துண்டாக வெட்டிச் சரியான கோணத்தில் சேர்த்தால்தான் வளைவு வரும். அச்சு உதவுவது இங்கேதான். முகத்தையும் காலையும் சி.டி. ஸ்கேன் எடுத்து, எங்கே வெட்டுவது என்று திரையிலேயே முடிவு செய்வோம். பிறகு அந்த எலும்பின் மேல் கச்சிதமாக உட்காரும் சிறிய சட்டம் ஒன்றை அச்சிடுவோம். ரம்பத்தின் அலகு நுழையும் அளவுக்கு அதில் ஒரு பிளவு இருக்கும். அலகு இப்படி அப்படிச் சாயாது. கண் மதிப்பில் வெட்டி, பொருத்திப் பார்த்து, மறுபடி சீவும் நேரம் மிச்சமாகும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகச் சேரும்.

ஆனால் சட்டம் வரட்டும் என்று அறுவை சிகிச்சையை வாரக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். கட்டி வளர்ந்துவிட்டால் திரையில் போட்ட கோடு பயன்படாது.

எலும்பு பிழைப்பது அச்சினால் அல்ல, ரத்த ஓட்டத்தால். காலிலிருந்து எலும்போடு வரும் தமனியையும் சிரையையும் கழுத்து ரத்தக்குழாய்களோடு மைக்ராஸ்கோப்பின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். அந்தக் கை பழகிய குழு அங்கே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிரிண்டரைப் பற்றி அப்புறம் கேட்கலாம். 1989இல் இந்த எலும்பால் தாடை அமைத்த முறையை வெளியிட்ட அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோவிடம் பிரிண்டர் இல்லை. அதனால் அச்சிடும் செலவு கட்டுப்படியாகாவிட்டாலும் மனம் தளர வேண்டாம்.

அப்பா புகையிலையை இன்றே நிறுத்தட்டும். கதிர்வீச்சு தேவைப்படுமா, பல் எப்போது பொருத்தலாம் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அந்தப் பல்லை வைத்தும் முடிவு செய்வார்கள்.