மண் மிதிக்கவா படிக்க வைத்தோம் என்று கேட்கும் பெற்றோருக்கு

மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு, காரிமங்கலம் பக்கத்திலிருந்து அப்பா, அம்மா, மகள் என மூவருமாக என்னிடம் வந்திருந்தீர்கள். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். 600-க்கு 431. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியிருக்கிறாள். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஏ.ஐ. பிரிவில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கட்ட நாள் குறித்தாகிவிட்டது. மாந்தோப்பில் பாதியை அடமானம் வைத்தால் நாலு வருஷச் செலவு கட்டிவரும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். பெண் வாயே திறக்கவில்லை. அவள் கையிலிருந்த நோட்டுதான் பேசியது: குயவரான அதியமான்கோட்டைத் தாத்தாவின் சூளை, அதில் பானைகளை அடுக்கும் வரிசை, பாதி காய்ந்த ஒரு குதிரைத் தலை, அதன் கழுத்தில் விரிசல் எங்கே ஆரம்பித்தது என்று அம்புக்குறி போட்ட ஒரு படம்.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக அமையும் என்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. தோப்பை அடமானம் வைக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அந்தப் படிப்பைக் குறை சொல்லவில்லை. விருப்பமும் இல்லாமல், கணக்கும் கைகொடுக்காமல், கடன் வாங்கி அதில் சேர்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் சமாளிக்கலாம். மூன்றும் சேர்ந்திருக்கும்போது நாலாவது வருஷம் அரியர் தாளோடும் வட்டியோடும் நிற்பது பெரியப்பா அல்ல, உங்கள் மகள்.

“மண்ணு மிதிக்கிறதுக்கா இவ்வளவு படிக்க வெச்சோம்?” என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குள் இருக்கும் வலி புரிகிறது. தாத்தாவின் உழைப்புக்குக் கூலியும் சரியாகக் கிடைக்கவில்லை, மரியாதையும் கிடைக்கவில்லை. அதனால்தான் உங்கள் வீட்டார் சக்கரத்தை விட்டு வந்தார்கள். ஆனால் மகள் கேட்பது தாத்தாவின் பிழைப்பை அல்ல. அவருக்கும் இன்றைய கலைஞர்களுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

அது என்ன வேலை? ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே கலைஞர்கள், கட்டடக் கலைஞர்கள், காட்சிக்கூடங்கள் என்று சுடுமண்ணில் பெரிய வேலை செய்ய நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரையத் தெரியும். மண் காயும்போது எவ்வளவு சுருங்கும் என்று தெரியாது. குயவருக்கு மண் கைப்பாடம்; ஆனால் அளவு போட்ட வரைபடம், பில், ஒப்பந்தம், தேதி என்றால் தயங்குவார். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஆள் நடுவில் இல்லாததால் பாதி வேலை சூளையிலேயே உடைகிறது. மீதி, மனக்கசப்பில் நின்றுபோகிறது.

உலகம் முழுக்க இப்படிக் கூட்டாக நடந்த வேலைகள் உண்டு. ஸ்பெயினின் ஓவியர் ஜோன் மிரோவுக்குச் சூளை தெரியாது. 1940-களிலிருந்து அவரோடு நின்றவர் ஜோசெப் லொரென்ஸ் ஆர்ட்டிகாஸ் என்ற மண்கலை வல்லுநர். பாரிஸ் யுனெஸ்கோ வளாகத்தில் 1958-ல் முடிந்த இரண்டு பீங்கான் சுவர்களைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்கிறார்கள். சீனாவின் ஐ வெய்வெய் 2010-ல் லண்டன் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகக் கூடத்தில் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைக் கொட்டிப் பரப்பினார். ஜிங்டெஜென் ஊரில் சுமார் 1,600 பேர் கையால் செய்து வண்ணம் தீட்டியவை அவை. ஊர் பெயர் உலகத்துக்கே தெரிந்தது. அந்த 1,600 பேரில் ஒருவர் பெயர் சொல்லுங்கள் என்றால் யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மகள் இந்த வேலைக்குப் போனால் தாத்தாவின் பெயர் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். பக்கத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி இருக்கிறது. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மண்கலைக்கூடத்தில் பயின்றவர்கள் பலர் இன்று நாடறிந்த மண்கலைஞர்கள். மண்கலைக்கென்றே 2018-ல் ஜெய்ப்பூரில் இந்திய அளவிலான முதல் டிரைனாலே (மூன்றாண்டுக்கு ஒருமுறை என்ற வகை) கண்காட்சியும் நடந்தது.

வேலை எப்படி இருக்கும் என்பதை ஓர் ஆர்டரை வைத்துச் சொல்கிறேன். பெங்களூருக் கலைஞர் ஒருவர், சுவரில் பதிக்க 40 சுடுமண் முகங்கள் கேட்கிறார் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 45 செ.மீ. உயரம்.

முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனத்தில் ஈர மண் பட்டை தட்டி, அதில் சரியாக 10 செ.மீ. கோடு கீற வேண்டும். காய்ந்து சுட்ட பிறகு கோடு 9 செ.மீ. இருந்தால் சுருக்கம் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் 45 செ.மீ. முகத்தை ஈரத்தில் 50 செ.மீ.க்குச் செய்ய வேண்டும். படத்தில் இருக்கும் அளவுக்கே செய்து 40-ம் சின்னதாகிப் போன பிறகு யாரைக் குற்றம் சொல்வது?

அடுத்தது சுக்கான் கல். ஏரி மண்ணில் இந்தச் சுண்ணாம்புத் துணுக்கு கலந்திருந்தால் சூளைச் சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். சூளையிலிருந்து முழுசாக வந்த முகம், இரண்டு வாரம் கழித்துச் சுவரில் இருக்கும்போது கன்னத்தில் காசளவுக்குச் சில்லு தெறித்து நிற்கும். பானையில் இப்படி ஒன்றிரண்டு போனால் யாரும் கேட்பதில்லை, கலைஞர் கேட்பார். சந்தேகமான துணுக்கில் வினிகர் விட்டால் நுரைக்கும். நுரைத்தால் மண்ணைக் கரைத்து, மெல்லிய சல்லடையில் வடிகட்டியே எடுக்க வேண்டும். தாத்தா கையால் துழாவிக் கல் பொறுக்கும் பழக்கம் பானைக்குப் போதும், இதற்குப் போதாது.

வடித்த மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்று மணலோ சுட்ட ஓட்டுத்தூளோ கலந்து மிதித்தால்தான் பெரிய உருவம் வெடிக்காமல் காயும். சுவர்க் கனம் எங்கும் ஒரே மாதிரி, 2 செ.மீ.க்குள். மூக்கு மட்டும் கெட்டியாக இருந்தால் அங்கேதான் போகும். சூளையில் உருவம் வெடிப்பது உள்ளே மாட்டிய காற்றால் என்று பலர் சொல்வார்கள். காரணம் ஈரம்தான். நூறு டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு போகிறது. காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தாத்தா உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாரே, கவனித்திருக்கிறீர்களா? சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். அதைவிட நல்ல கருவி எந்தக் கல்லூரியிலும் இல்லை.

நம் ஊர்க் கோடைக்காற்று விளிம்பை ஒரே நாளில் காயவைத்துவிடும், நடுப்பகுதி ஈரமாகவே நிற்கும். அதுதான் விரிசல். குதிரைக் கழுத்தில் அவள் அம்புக்குறி போட்டாளே, காரணம் அதேதான்: முன்னமே காய்ந்த உடலில் ஈரத் தலையை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போது கீறி, மண்குழம்பு தடவி ஒட்ட வேண்டும். பிறகு ஈரச்சாக்கு போர்த்தி, பத்துப் பதினைந்து நாள் நிழலில்.

சூளையில் முதல் இரவு வெறும் புகைச்சூடு போதும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அதனால் ஏற்றுவதும் மெதுவாக, ஆற்றுவதும் மெதுவாக. கலைஞர் வண்டியோடு வந்து நிற்கிறார் என்று சூடாகவே சூளையைப் பிரித்தால் டிங் டிங்கென்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தமும் ஓர் உருப்படி.

கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, இதற்கே பளபளக்கும் ஸ்டோன்வேர் கிளேஸ், அதாவது அதிகச் சூட்டில் உருகும் கண்ணாடி போன்ற பூச்சு, போடுங்கள் என்பது. அந்தக் கிளேஸ் உருக 1,200 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் சிவப்பு ஏரி மண் அந்தச் சூட்டில் உப்பிச் சரிந்துவிடும். முடியாது என்று முதல் நாளே சொல்லத் தெரிய வேண்டும். இன்னொன்று, இந்தக் கரும்புள்ளி ஏன் வந்தது என்ற கேள்வி. காற்றுப் படாத இடத்தில் புகை ஏறினால் கறுக்கும், காற்றுப் பட்டால் சிவக்கும். கிருஷ்ணகிரி மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகள் இதே அறிவில் பிறந்தவை. அதை விளக்கிச் சொல்லி, வேண்டிய இடத்தில் மட்டும் கறுக்க வைத்துக் கொடுத்தால் அந்தக் கலைஞர் அடுத்த வேலைக்கும் இங்கேதான் வருவார்.

40 கேட்டால் 50 செய்ய வேண்டும், 50-க்கும் விலை போட வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்: சுட்ட பிறகு என்ன அளவு, உடைசல் யார் கணக்கில், சோதனை உருப்படிகளுக்கும் கூலி, பாதித் தொகை முன்பணம், காட்சியின் பெயர்ப்பலகையில் செய்தவர் பெயர், அதே வடிவத்தைக் கலைஞர் மறுபடி செய்தால் குயவருக்கு என்ன. வாய்ப்பேச்சில் எடுத்த வேலையில் நஷ்டம் எப்போதும் குயவர் தலையில்தான் விழுகிறது. தேதியும் நம் காலண்டர்படி இருக்க வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை அகல்விளக்கும் பொங்கல் பானையும் இருக்கிறது, மழையும் இருக்கிறது. கலைஞரின் வேலைக்கு மாசி முதல் ஆடி வரை. ஏரி மண் எடுக்க வட்டாட்சியர் அனுமதி, தாத்தாவுக்கு மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியப் பதிவு, இந்தக் காகிதங்களையும் அவளே பார்த்துக்கொள்வாள்.

இவ்வளவையும் தாத்தாவிடம் மட்டும் கற்க முடியாது. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. என்ற கவின் கலைப் பட்டத்தில் பீங்கான் வடிவமைப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 1850-ல் தொடங்கிய கல்லூரி. நான்கு வருஷம், அரசுக் கட்டணம். பிளஸ் டூ தேர்ச்சியோடு வரைதிறன் தேர்வில் தேற வேண்டும். மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல். கல்லூரி பக்கத்திலேயே, பெரியமேட்டில். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ரசாயனம், சூளை, தொழிற்சாலைப் பக்கம் மனம் போனால் விருத்தாசலம் அரசு பீங்கான் தொழில்நுட்ப நிறுவனத்தின் டிப்ளமோ. குறுகிய காலப் பயிற்சி மட்டும் போதுமென்றால் கர்நாடகத்தின் கானாபுரில் காதி ஆணையம் நடத்தும் மத்திய மண்பாண்டப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அகமதாபாத் என்.ஐ.டி.யின் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) பீங்கான்-கண்ணாடி வடிவமைப்பு மிக நல்ல படிப்பு. உதவித்தொகை உறுதியானால் மட்டும் அந்தப் பக்கம் போகட்டும். வருஷத்துக்குச் சில லட்சம் கேட்கும் தனியார் டிசைன் கல்லூரிகளின் விளம்பரத்தைக் கிழித்துப் போடுங்கள். பொறியியலுக்கு வைக்கக் கூடாத தோப்பை இதற்கும் வைக்கக் கூடாது.

படித்து முடித்ததும் முதல் மாதமே சம்பளம் என்று சொல்லமாட்டேன். முதல் இரண்டு மூன்று வருஷம் யாராவது ஒரு கலைஞரின் கூடத்திலோ டைல்ஸ், சானிட்டரிவேர் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவிலோ வேலை செய்துகொண்டேதான் சொந்த ஆர்டர் பிடிக்க வேண்டும். வருமானம் ஒரே சீராக வராது. அதற்குப் பயந்து பிடிக்காததைப் படிக்க வைக்காதீர்கள். கடனில்லாமல் படிக்க வையுங்கள். கடன் இல்லாதவளால் காத்திருக்க முடியும்.

உடம்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். காய்ந்த மண்தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருஷக்கணக்கில் நுரையீரலில் தங்கும். வேலை செய்யும் இடத்தைக் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். லண்டனில் ஐ வெய்வெய்யின் அந்தப் பீங்கான் விதைகள் மேல் மக்கள் நடந்ததில் தூசி கிளம்பியதால், திறந்த சில நாளிலேயே அவற்றின் மேல் நடப்பதைத் தடுத்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தில் ஈயம் கலந்த கிளேஸ் ஒருபோதும் கூடாது, யார் எவ்வளவு கொடுத்தாலும்.

பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன். முன்பணம் கட்டும் நாளை மட்டும் தள்ளிப் போடுங்கள்.

பாப்பா, இப்போது உனக்கு. இந்த வாரம் தாத்தாவிடம் போ. ஏரி மண்ணில் மூன்று பட்டை தட்டு: ஒன்று வெறும் மண், ஒன்றில் ஐந்தில் ஒரு பங்கு மணல், ஒன்றில் அதே அளவு ஓட்டுத்தூள். மூன்றிலும் 10 செ.மீ. கோடு கீறி, காய்ந்ததும் அளந்து எழுதிக்கொள். தாத்தாவின் அடுத்த சூளையில் ஓரமாக வை. ஆறியதும் மறுபடி அள. எது எவ்வளவு சுருங்கியது, எது வளைந்தது, எதில் சில்லு தெறித்தது என்று அந்தக் குதிரை வரைந்த நோட்டிலேயே எழுதிக் கொண்டு வா. அப்பாவையும் கூட்டி வா, விண்ணப்பத்தை அன்றைக்கு உட்கார்ந்து நிரப்பலாம்.